வேகம் 22: டார்கோல் எரிய மறுக்கும்போது எங்கே பார்ப்பது

போக்கிமான் வீடியோ ஆட்டத்தின் இரட்டையர் போட்டியில், அதாவது பக்கத்துக்கு இரண்டு போக்கிமான்கள் நின்று மோதும் முறையில், டார்கோல் என்ற நெருப்புப் போக்கிமானை ஆடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டவர்கள் அநேகமாக ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள்: "அடி விழுந்தால் எதிரே இரண்டும் காலி. ஆனால் அந்த அடி விழுவதே இல்லை." குறை நியாயமானதுதான். இந்த நிலக்கரி ஆமையின் அடிப்படை வேகம் 20. களத்தில் நிற்கும் ஏறக்குறைய எல்லாமே அதற்கு முன் தம் வேலையை முடித்துவிடும். ஆனால் அதே ஆமையிடம்தான் இரப்ஷன் இருக்கிறது. ஹெச்பி எனும் உயிர்ப்புள்ளி நிறைந்திருக்கும்போது 150 வலிமையுடன், எதிரே நிற்கும் இரண்டையும் ஒருசேரச் சுடும் நெருப்பு அது. 2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் டார்கோலுக்கு டிரவுட் என்ற திறனும் கிடைத்தது. அன்று முதல் அது களத்தில் கால் வைத்தாலே வெயில் அடிக்கிறது. வெயிலில் நெருப்புத் தாக்குதல் ஒன்றரை மடங்காகிறது.

தோற்ற ஆட்டங்களைச் சுற்றுவாரியாக ஒரு நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அந்த நோட்டைப் புரட்டினால் ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. டார்கோல் சாய்ந்த சுற்றில் பிழை இருப்பது அபூர்வம். அதற்கு ஒரு சுற்று முன்னால், சில ஆட்டங்களில் அணித்தேர்வுத் திரையிலேயே, பிழை நடந்து முடிந்திருக்கிறது. அதனால்தான் கீழே ஒவ்வொரு அறிகுறியையும் அது தெரியும் இடத்திலிருந்து பின்னோக்கித் தேடியிருக்கிறேன். கணக்குகள் எல்லாம் ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களின் போட்டி விதிப்படி: ஆறைக் காட்டி நான்கை எடுத்துச் செல்லும் முறை, அனைத்தும் நிலை 50-இல்.

டிரிக் ரூமுக்குள்ளும் எதிராளியே முந்துகிறார்

டிரிக் ரூம் என்பது சில சுற்றுகளுக்கு வேக வரிசையைத் தலைகீழாக்கும் நகர்வு; சுருக்கமாக அறை என்கிறேன். அது விழுந்துவிட்டது, இனி மெதுவானதுதான் முதலில் நகர வேண்டும், ஆனாலும் எதிரே நிற்கும் ஏதோ ஒன்று உங்களுக்கு முன்னால் நகர்கிறது என்றால், உத்தியைப் பற்றி யோசிக்கும் முன் டார்கோலின் விவரத் திரையைத் திறந்து வேகத்துக்கு நேரே உள்ள எண்ணைப் பாருங்கள். அங்கே 22 இருக்க வேண்டும். 36 இருந்தால், வேகத்தைக் குறைக்கும் இயல்பு சரியாக இருக்கிறது, வேகத்தின் ஐவி (பிறவியிலேயே வரும் 0 முதல் 31 வரையிலான மதிப்பு) மட்டும் 31 ஆக நிறைந்துகிடக்கிறது என்று பொருள். 40 இருந்தால் இயல்பும் சரியில்லை.

22-க்கும் 36-க்கும் இடையில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். அமூங்கஸ் என்ற காளான் போக்கிமானை எடுத்துக்கொள்ளுங்கள். மிகக் குறைந்த வேகத்துக்கு வளர்த்த அமூங்கஸின் எண் 31. உங்கள் டார்கோல் 36 என்றால் அறைக்குள் அமூங்கஸ்தான் முதலில் நகரும். அது ஸ்போர் தூவும், டார்கோல் தூங்கும், அறை கண்ணெதிரே கரையும். உங்கள் எண் 22 என்றால் அந்தக் காளான் தூவுவதற்கு முன்பே எரிந்து போயிருக்கும். இதே வேறுபாடு ஹாட்டரீனிடமும் உண்டு; அதன் மிகக் குறைந்த வேகம் 30.

இதைச் சரிசெய்வதில் இரண்டு பாதி உண்டு. இயல்பு எளிது: க்வயட் மின்ட் ஒன்றைக் கொடுத்தால் சிறப்புத் தாக்குதல் ஏறும், வேகம் இறங்கும். ஐவியை அப்படிக் கடையில் வாங்கிக் குறைக்க முடியாது. வேகத்தில் 0 உள்ள பெற்றோர் ஒன்றைத் தேடிப்பிடித்து, அதன் கையில் பவர் ஆங்க்லெட் கொடுத்து முட்டையிடவைத்தால், அந்த 0 குஞ்சுக்கு இறங்கும். ஐவியை மதிப்பிடும் திரையில் வேகத்துக்கு எதிரே ‘நோ குட்’ என்று வந்தால் மகிழ்ச்சி அடையுங்கள். நமக்கு வேண்டியது அதுதான். இங்கே ஓர் எச்சரிக்கை. மற்ற ஐவிகளை உயர்த்தும் ஆசையில் தங்க பாட்டில் கேப்பைப் பயன்படுத்திவிடாதீர்கள். அது எல்லாவற்றையும், வேகத்தையும் சேர்த்து, உச்சத்துக்கு ஏற்றிவிடும். திரும்பிவர வழியில்லை. சாதாரண பாட்டில் கேப்பை ஒவ்வொன்றாகக் கொடுத்து, வேகத்தைத் தொடாமல் விடுங்கள்.

எண் 22 ஆக இருந்தும் யாராவது முந்தினால் அது முன்னுரிமைத் தாக்குதல், அதாவது வேகம் பாராமல் முதலில் பாயும் அடி. ஃபேக் அவுட், சக்கர் பஞ்ச், புல்தரையில் கிராஸி கிளைட் போன்றவற்றை டிரிக் ரூம் தொடுவதே இல்லை. அறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை முதலில்தான் வரும்.

டிரிக் ரூம் விழவே இல்லை

டிரிக் ரூமின் முன்னுரிமை மைனஸ் 7. அதாவது அந்தச் சுற்றில் மற்ற எல்லோரும் அடித்து முடித்த பிறகுதான் அது விழும். அறையைப் போடப் போகிறவர் அத்தனை அடியையும் தாங்கிக்கொண்டு, நடுங்காமல், வாய் அடைக்கப்படாமல் சுற்றின் கடைசி வரை நிற்க வேண்டும். எங்கே உடைந்தது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

ஃபேக் அவுட் வாங்கி நடுங்கி, அந்தச் சுற்றில் நகர முடியாமல் போய்விட்டதா? ஃபாரிஜிராஃபை எடுங்கள். அதன் ஆர்மர் டெயில் திறன் அதையும் பக்கத்தில் நிற்கும் கூட்டாளியையும் எதிராளியின் முன்னுரிமைத் தாக்குதல்களிலிருந்து காக்கும். பெண் இண்டீடி களமிறங்கும்போது விரிக்கும் சைக்கிக் டெரெய்ன் என்ற தரையும் அதன் மேல் நிற்பவர்களுக்கு இதே காவலைத் தரும்; கூடவே எதிராளியின் அடிகளைத் தன் பக்கம் இழுக்கும் ஃபாலோ மீயும் அதனிடம் இருக்கிறது. டஸ்க்ளாப்ஸ் போன்ற பேய் வகையை ஃபேக் அவுட் தொடவே முடியாது.

இண்டீடியை நம்புகிறவர்கள் அதன் வேகத்தையும் கவனிக்க வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. களமிறங்கியதும் புல்தரையை விரிக்கும் ரில்லாபூமுக்கும் பெண் இண்டீடிக்கும் அடிப்படை வேகம் ஒன்றே: 85. ஒரே நேரத்தில் இருவரும் களமிறங்கினால் வேகமானவரின் தரை முதலில் விரியும், மெதுவானவரின் தரை அதன் மேல் விழுந்து நிலைக்கும். ரில்லாபூமை வேகத்துக்கு எதுவும் செலவிடாமல் வளர்த்தாலே அது 105. உங்கள் இண்டீடியும் அதே 105-இல் இருந்தால் எவருடைய தரை மிஞ்சும் என்பது பகடை உருட்டுவதுபோல. மிகக் குறைந்த 81-க்கு இறக்கிவிட்டால் உங்கள் தரைதான் மிஞ்சும். ரில்லாபூமின் ஃபேக் அவுட் முதல் சுற்றிலேயே செல்லாக்காசு. டார்கோலை 22-க்கு இறக்க எடுத்துக்கொண்ட அதே பொறுமையை அதன் துணைக்கும் கொடுங்கள்.

தாக்குதல் அல்லாத நகர்வுகளைத் தடுக்கும் டான்ட் வாங்கியதா? விம்சிகாட் போன்றவை பிராங்ஸ்டர் திறனால் முன்னுரிமையோடு ஏவும் டான்ட்டை ஆர்மர் டெயில் தடுத்துவிடும். ஆனால் வெறும் வேகத்தால் முந்திவந்து போடும் சாதாரண டான்ட்டை ஆர்மர் டெயில் தடுக்காது. அதற்கு மென்டல் ஹெர்ப் என்ற மூலிகை ஒருமுறை கைகொடுக்கும். ஹாட்டரீனின் மேஜிக் பவுன்ஸோ டான்ட்டை ஏவியவர் மீதே திருப்பிவிடும். ஒருமுறை அப்படித் திரும்பிப் போன பிறகு எதிராளி உங்கள் ஹாட்டரீன் பக்கம் அதை மறுபடி வீசத் தயங்குவார்.

நடுங்கவும் இல்லை, வாயும் அடைக்கப்படவில்லை, இருவரும் சேர்ந்து அடித்ததில் நேராகச் சாய்ந்துவிட்டதா? அப்படியானால் முதல் சுற்றில் பக்கத்தில் நின்றவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். என் நோட்டில் இந்த வகைத் தோல்விகளில் பெரும்பாலானவற்றில் துணை ஆள் ஏதோ ஒரு சுமாரான அடியைக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஃபாலோ மீ போட்டிருந்தாலோ, தானும் ஒரு ஃபேக் அவுட் கொடுத்து எதிரில் ஒருவரை நிறுத்தியிருந்தாலோ அறை விழுந்திருக்கும். முதல் சுற்றில் இரண்டு பேருக்கும் ஒரே வேலைதான்: அறையைப் போடுவது.

அறை விழுந்தது, ஆனால் டார்கோல் பாதி உயிரோடு நிற்கிறது

இந்த அறிகுறியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் டார்கோல் ஆட்டத்தின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது.

இரப்ஷனின் வலிமை டார்கோலிடம் மீதியிருக்கும் ஹெச்பியின் விகிதத்தில் குறையும். காகிதத்தில் படிக்கும்போது இது சிறிய விதியாகத் தெரியும். களத்தில் எப்படி இருக்கிறது என்று ஒரு கணக்கைப் பார்ப்போம். சிறப்புத் தாக்குதலை முழுமையாக ஏற்றிய க்வயட் டார்கோல்: சிறப்புத் தாக்குதல் 150, ஹெச்பி 177. எதிரே ரில்லாபூம், ஹெச்பி முழுமையாக ஏற்றியது, 207. கையில் அசால்ட் வெஸ்ட், அதாவது இதுபோன்ற அடியைத் தாங்குவதற்கென்றே உடுத்திய கவசம். வெயில் அடிக்கிறது, வேறு எந்தப் பொருளின் உதவியும் இல்லை. முழு ஹெச்பியிலிருந்து விழும் இரப்ஷன் 212 முதல் 252 வரை சேதம் தரும். கவசத்தோடு சேர்ந்தே ரில்லாபூம் சாம்பல். பக்கத்தில் நிற்பவரும் அதே அடியை வாங்கியிருப்பார்.

இப்போது டார்கோல் வரும் வழியில் ஒரே ஓர் அடியை வாங்கி, 177-இலிருந்து 106-க்கு இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் மூன்று பங்கு உயிர் இருக்கிறதே, மோசமில்லை என்று தோன்றும். அதே ரில்லாபூமுக்கு இப்போது விழும் சேதம் 128 முதல் 152 வரை. அது 50-க்கு மேல் ஹெச்பியோடு நின்று உங்களைத் திருப்பி அடிக்கும். 71 புள்ளி உயிர் போனதில் நீங்கள் இழந்தது ஓர் எதிரியின் சாவு, அந்தச் சுற்று, அறையின் கால் பங்கு.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி: டார்கோல் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது? சுற்றின் தொடக்கத்தில் நீங்களாக ஆளை மாற்றினால், மாற்றம் முதலில் நடக்கும், எதிராளியின் இரண்டு அடிகளும் பிறகு விழும். அந்த இரண்டையும் டார்கோல் வாங்கக்கூடும். இரண்டாம் சுற்றில் இப்படி மாற்றுகிறவர் அறையில் ஒரு சுற்றையும் இழந்து, ஹெச்பியையும் இழக்கிறார். புதிதாக ஆடுகிறவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

மிகச் சுத்தமான வாசல், கூட்டாளி சாயும்போது திறப்பது. முதல் சுற்றில் இண்டீடி ஃபாலோ மீ போட்டு இரண்டு அடிகளையும் தன் மேல் வாங்கிக்கொண்டு விழுகிறது, ஹாட்டரீன் அறையைப் போடுகிறது, சுற்று முடிந்த பிறகு டார்கோல் கீறல் இல்லாமல் வந்து நிற்கிறது. அறையில் நான்கு சுற்றுகளும் அப்படியே மீதி. இண்டீடி விழுந்ததை இழப்பாக எண்ணி வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் அது விழுவதுதான் அதன் வேலை. எதிராளி இதைப் புரிந்துகொண்டு இண்டீடியைக் கொல்லாமல் விட்டால், இரண்டாம் சுற்றில் ஹீலிங் விஷ் போட்டு அதுவே தன்னைக் கொடுத்து வழிவிடலாம்.

எனக்கு மிகவும் பிடித்த வாசல் இன்னொன்று. முதல் சுற்றில் ஃபாரிஜிராஃபும் மெதுவாக வளர்த்த இன்சினரோரும் நிற்கட்டும். எதிரே இருவரும் இவர்களைவிட வேகமானவர்கள் என்றால், அவர்கள் அடித்து முடிப்பார்கள். அதன் பிறகு இன்சினரோர் பார்ட்டிங் ஷாட் போட்டு எதிரியின் தாக்குதலைக் குறைத்துவிட்டு வெளியேறும். அந்த இடத்தில் டார்கோல் வரும். அந்தச் சுற்றில் மீதியிருப்பது ஃபாரிஜிராஃபின் டிரிக் ரூம் ஒன்றுதான். அறை விழுகிறது. ஒருவரையும் இழக்காமல், டார்கோல் முழு உயிரோடு, வெயிலோடு, அடுத்த சுற்றில் முதலாவதாக நகரக் காத்திருக்கிறது. எதிராளி மெதுவானவராக இருந்தால் மட்டும் இது கவிழும்: பார்ட்டிங் ஷாட் முன்பே போய்விடும், நுழைந்த டார்கோல் மேல் அடி விழும். அணித்தேர்வுத் திரையிலேயே வேகங்களை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

டார்கோலையே முதலில் இறக்கி, முதல் சுற்றில் தன் மேல் விழும் அடிகளைத் தடுக்கும் புரொடெக்ட் போடவைப்பது மூன்றாவது வழி. டார்கோலுக்குக் காயம் இல்லை. ஆனால் இரண்டு அடிகளும் அறையைப் போடுபவர் மேல்தான் விழும் என்பது எதிராளிக்கும் தெரியும். நிறைய ஹெச்பி உள்ள ஃபாரிஜிராஃப் போன்றவர் பக்கத்தில் நின்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

காயத்தோடுதான் நிற்கிறது, வேறு வழியே இல்லை என்றால் இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 112. மேலே சொன்ன 177 ஹெச்பி டார்கோலிடம் 112 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், 95 வலிமையுள்ள ஹீட் வேவ் இரப்ஷனைவிடப் பலமாக விழும். ஹீட் வேவ் பத்தில் ஒருமுறை தவறும் என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும்தான். ஆனால் பாதி உயிரோடு நின்றுகொண்டு பழக்க தோஷத்தில் இரப்ஷனையே அழுத்துவதைவிட அது மேல்.

இரண்டு அடி அடித்தேன், அறை போய்விட்டது

டிரிக் ரூமுக்கு ஐந்து சுற்று என்று விளக்கத்தில் எழுதியிருக்கும். போட்ட சுற்றும் அந்த ஐந்தில் சேர்த்தி. சுற்றின் கடைசியில் விழுவதால் அந்தச் சுற்றில் அதனால் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. கையில் நிற்பது நான்கு. டார்கோலை முதல் சுற்றிலேயே இறக்கியிருந்தால் அதன் வெயிலும் ஐந்தாம் சுற்றோடு முடியும், அறையும் வெயிலும் ஒன்றாகவே அணையும். சுற்று முடிவில் இறக்கியிருந்தால் வெயில் ஒரு சுற்று கூடுதலாக நிற்கும்.

இந்த நான்கைக் கரைப்பதுதான் நல்ல எதிராளியின் முழு நோக்கமும். இரண்டாம் சுற்றில் இரண்டு பேரும் புரொடெக்ட் போடுவார்கள். அடுத்த சுற்றில் ஒருவர் வெளியேறி நெருப்பைத் தாங்குபவர் உள்ளே வருவார். அடுத்தடுத்துப் போடும் புரொடெக்ட் மூன்றில் ஒருமுறைதான் பலிக்கும் என்பதால் இதை அவர்கள் தொடர்ந்து செய்ய முடியாது, ஆனாலும் இரண்டு சுற்றுகளைத் தின்றுவிட்டால் போதும்.

இதற்கு என் கையில் உள்ள பதில் ஒன்றுதான். எதிராளி புரொடெக்ட் போடுவார் என்று எந்தச் சுற்றை எதிர்பார்க்கிறீர்களோ, அந்தச் சுற்றில்தான் உங்கள் ஆள் மாற்றத்தை வைத்துக்கொள்ளுங்கள். அறை விழுந்த மறு சுற்றில், வேலை முடிந்த ஃபாரிஜிராஃபை வெளியே எடுத்துவிட்டு இரண்டாவது மெதுவான அடியாளைக் கொண்டுவருவதற்கு அதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது. அவர்கள் இரண்டு பேரும் கேடயத்தின் பின்னால் இருக்கிறார்கள். உங்களை அடிப்பவர் யாருமில்லை. ஒருவர் மட்டும் கேடயம் பிடித்தாலும் டார்கோலின் இரப்ஷன் மற்றவரைச் சுடும். அதனால் டார்கோல் அடித்துக்கொண்டே இருக்கட்டும், பக்கத்து இடத்தில்தான் மாற்றம் நடக்க வேண்டும்.

அந்த இரண்டாவது அடியாள் கட்டாயம் வேண்டும். டார்கோல் ஒன்றை மட்டும் நம்பி அறை போடும் அணி, நெருப்பைத் தாங்கும் ஒருவர் வந்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். 2023-இல் தி டீல் மாஸ்க் விரிவாக்கத்தோடு வந்த ப்ளட்மூன் அர்சலூனா அறைக்குள் நன்றாகப் பொருந்தும். அதன் ப்ளட் மூன் தாக்குதலை அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளில் போட முடியாது என்பதால் நான்கு சுற்றில் இரண்டு முறை என்று கணக்கு வையுங்கள். அயர்ன் ஹாண்ட்ஸ் இன்னொன்று. அதனிடம் ஃபேக் அவுட் இருப்பதால் அறைக்கு வெளியேயும் பயன்படும்.

ஆறாம் சுற்றுக்கும் ஒரு திட்டம் இருக்கட்டும். நான்காவது ஆளாக ஃப்ளட்டர் மேன் போன்ற வேகமான ஒன்றை வைத்திருந்தால், அறை அணைந்த சுற்றிலிருந்து ஆட்டம் அதன் கைக்குப் போகும். வெயில் மீதியிருந்தால் அதன் பலத்தைக் கூட்டும் புரோட்டோசிந்தசிஸ் திறனும் விழித்திருக்கும்.

அறையை நீட்டிக்க மறுபடி போட்டேன், இருந்ததும் போய்விட்டது

அறை இருக்கும்போது மறுபடி டிரிக் ரூம் போட்டால் அது நீளாது, கலையும். ஐந்தாம் சுற்றில் போட்டாலும் அப்படித்தான். எப்படியும் அந்தச் சுற்றோடு முடியப்போகும் அறைக்காக ஒரு நகர்வை வீணடித்ததாக ஆகும். ஐந்தாம் சுற்றில் அறை போடுபவரைப் புரொடெக்ட்டோடு பத்திரமாக நிறுத்திவிட்டு, ஆறாவதில் புதிதாகப் போடுங்கள். எதிராளியிடமும் டிரிக் ரூம் இருந்து, நீங்கள் இருவரும் ஒரே சுற்றில் போட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

முழு உயிர், முதல் அடி, ஆனாலும் சேதம் இல்லை

முதலில் வானத்தைப் பாருங்கள். பெலிப்பர் திரும்ப வந்து மழையைக் கொண்டுவந்திருந்தால் உங்கள் நெருப்பு ஒன்றரை மடங்கிலிருந்து அரை மடங்குக்கு இறங்கிவிட்டது, வெயிலில் அடித்திருக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்டத் தொடக்கத்தில் பெலிப்பரும் டார்கோலும் ஒன்றாக இறங்கினால் பயமில்லை: வேகமான பெலிப்பரின் மழை முதலில் வரும், மெதுவான டார்கோலின் வெயில் அதை அழித்துவிட்டு நிற்கும். மெதுவாக இருப்பதால் ஒரு சண்டையை வெல்லும் இடம் இது, பார்க்கவே ஆனந்தமாக இருக்கும். ஆனால் பெலிப்பர் வெளியே போய்த் திரும்பி வந்தால் மழைதான். நீங்களும் டார்கோலை வெளியே எடுத்து மறுபடி கொண்டுவந்தால்தான் வெயில் மீளும், அறைக்குள் அதற்கு நேரம் இருக்காது. பெலிப்பரைக் கண்டால் முதல் இரப்ஷனை எண்ணிக் காத்திருக்காமல், அது களத்தில் இருக்கும்போதே கூட்டாளியைக் கொண்டு முடித்துவிடப் பாருங்கள்.

அடுத்து வைட் கார்ட். இரண்டு பேரையும் தாக்கும் எந்த அடியையும் அது அந்தச் சுற்றுக்கு அப்படியே நிறுத்திவிடும். புரொடெக்ட்டைப் போல அடுத்தடுத்துப் போட்டால் தோற்கும் என்று காத்திருக்கவும் முடியாது. இரப்ஷன், ஹீட் வேவ் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு போகும் டார்கோல் இதன் முன் கல்லாகிவிடும். ஒரே ஆளைத் தாக்கும் அடி ஒன்றாவது வேண்டும். வெயிலில் வெதர் பால் 100 வலிமையுள்ள நெருப்பாக மாறும். சோலார் பீம் வெயிலில் காத்திருக்காமல் உடனே பாயும், நீர் வகைக்கு அதுதான் மருந்து. இதே காரணத்தால் சாய்ஸ் ஸ்பெக்ஸ் கண்ணாடியை நான் விரும்புவதில்லை. அடி பலமாகும், ஆனால் வைட் கார்ட் முன் அதே அடியில் மாட்டிக்கொள்வீர்கள், புரொடெக்ட்டும் கிடையாது. நெருப்பைப் பலப்படுத்தும் சார்கோல் போதும்.

பிறகு இன்சினரோர். நெருப்பு நெருப்பைத் தாங்கும். ஹெச்பி முழுமையாக ஏற்றிய இன்சினரோருக்கு முழு பலத்து இரப்ஷனே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் சேதம் தரும். அதை டார்கோலால் கொல்ல முயலாதீர்கள், அது கூட்டாளியின் பொறுப்பு. ஃபிளாஷ் ஃபயர் உள்ளவற்றை நெருப்பால் அடித்தால் சேதமே இல்லாததோடு அவற்றின் நெருப்பும் பலப்படும் என்பதால், எதிரணியில் அவை இருக்கின்றனவா என்று தேர்வுத் திரையிலேயே தேடுங்கள்.

எதிரே ஃபாலோ மீ போட்டிருக்கிறார்களே என்று இரப்ஷனைத் தவிர்ப்பவர்கள் உண்டு. தேவையில்லை. இருவரையும் தாக்கும் அடியை ஃபாலோ மீ திருப்பாது. எதிரே ஒருவர் மட்டுமே மீதியிருந்தாலும் இரப்ஷனைப் போடலாம். இரண்டாகப் பிரியும்போது குறையும் கால் பங்கு அப்போது குறையாது.

அறையே வேண்டாம் என்று லில்லிகண்ட்டோடு ஆடினேன், அதுவும் சிக்குகிறது

ஹிசுய் லில்லிகண்ட்டின் குளோரோஃபில் திறன் வெயிலில் அதன் வேகத்தை இரட்டிப்பாக்கும். நிலை 50-இல் வேகத்தை முழுமையாக ஏற்றினால் 172, வெயிலில் 344. அது முதலில் நகர்ந்து ஆஃப்டர் யூ போட்டால், அடுத்த நொடியே டார்கோல் நகரும். முதல் சுற்றிலேயே முழு உயிருடன் இரப்ஷன். அறைக்காக ஒரு சுற்றைக் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் அழகு.

சிக்கும் இடங்கள் இரண்டுதான். லில்லிகண்ட் மேல் ஃபேக் அவுட் விழுந்தால் எல்லாம் நின்றுவிடும். அதன் கையில் கோவர்ட் க்ளோக் இருந்தால் நடுக்கம் தட்டாது. இன்னொன்று, டார்கோல் மேல் விழும் முன்னுரிமை அடி. டிராகனைட்டின் எக்ஸ்ட்ரீம் ஸ்பீட் போன்ற ஒன்று 344-ஐயும் முந்திவந்து டார்கோலின் உயிரைக் குறைத்துவிட்டால், மேலே பார்த்த ரில்லாபூம் கணக்கு மறுபடி தலைதூக்கும். முன்னுரிமை அடி நிறைந்த அணி எதிரே இருந்தால் லில்லிகண்ட்டை விட்டுவிட்டு ஃபாரிஜிராஃபின் வாலுக்குள் ஒதுங்குவதே நல்லது. இரண்டையும் ஓர் அணியில் வைத்து, ஆட்டத்துக்கு ஏற்ப ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரே ஆட்டத்தில் இரண்டையும் களமிறக்கினால் அறை விழுந்தவுடன் லில்லிகண்ட் கடைசி ஆளாகிவிடும்.

எதிராளியும் மெதுவான அணிதான்

இங்கே அறையைப் போடக் கை துறுதுறுக்கும், சற்றுப் பொறுங்கள். எதிரணியில் மிகக் குறைந்த வேகத்துக்கு வளர்த்த சாதாரண அர்சலூனா (ப்ளட்மூன் அல்ல) நின்றால் அதன் எண் 49, உங்கள் ஃபாரிஜிராஃபோ குறைந்தபட்சம் 58. நீங்கள் போடும் அறையில் உங்கள் டார்கோல் முதலில் நகரும்தான், ஆனால் பக்கத்தில் நிற்பவர் எதிராளிக்குப் பின்னால் போய்விடுவார். டார்கோல் ஒரே அடியில் இருவரையும் முடிக்க முடியும் என்று கணக்கு சொன்னால் மட்டும் போடுங்கள்.

எதிராளியே அறையைப் போட வந்தால் தடுக்க வேண்டாம். அவர் தன் முதல் சுற்றைச் செலவிட்டு, உங்கள் 22-க்காக ஓர் அறை கட்டித் தருகிறார். அந்தச் சுற்றில் டார்கோலைப் புரொடெக்ட்டுக்குள் வைத்திருங்கள், அடுத்த சுற்றில் இரப்ஷனை அழுத்துங்கள்.